மாரியப்பன் அண்ணன் கையை ஆட்டாத நாள்

புதிதாகச் சேருபவர்களுக்குக் கொடுக்கும் கையேட்டில் கடைசிச் சில பக்கங்கள் காலியாக இருக்கின்றனவாம். நிறுவனர் என்ற முறையில் ஊக்கமூட்டும்படி எதையாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மேலாளர் கேட்டார். ‘ஊக்கமூட்டும்படி’ என்பதை இரண்டு முறை அழுத்திச் சொன்னார். என்னை அவருக்கு நன்றாகத் தெரியும்.

வரவேற்பறையில் மாட்டியிருக்கும் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம்முடைய முதல் இயந்திரத்தின் தலையில் கை வைத்துக்கொண்டு, வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையின் அப்பாவைப் போல நான் சிரித்துக்கொண்டிருப்பேன். அந்தப் படம் எடுத்த ஐந்தாவது மாதம் நான் செய்த காரியத்தை இங்கே எழுதுகிறேன். இதைப் படித்து உங்களுக்கு ஊக்கம் வந்தால் அது உங்கள் சாமர்த்தியம்.

அப்போது நாங்கள் சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், கெலாங் பாத்தாவில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் இருந்தோம். மொத்தம் ஐந்து பேர். கீழே டயரைத் தட்டும்போதெல்லாம் மேலே எங்கள் மேசை நடுங்கும். நம் இயந்திரம் எவ்வளவு அதிர்வைத் தாங்கும் என்ற சோதனை இலவசமாக நடக்கிறது என்று வருபவர்களிடமெல்லாம் பெருமையடிப்பேன். அதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் சிங்கப்பூர் தொழிற்சாலையில் வேலை. தினமும் எல்லைப் பாலத்தைக் கடந்து போய், பாலத்தைக் கடந்து வந்தவன். சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், டயாலிசிஸ் நிலையத்தில் போய் ஊசியோடு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையை வீட்டு வரவேற்பறையிலேயே செய்யும் ஓர் இயந்திரத்தை, சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் செய்துவிடலாம் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில் தப்பில்லை. நான் செய்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்றும் கூடவே நம்பினேனே, அதில்தான் தப்பு.

முதலில் ஒரே ஒரு வீட்டில் ஆறு மாதம் வைத்துப் பார்க்க அரசாங்கத்தில் அனுமதி கொடுத்திருந்தார்கள். ஆறாவது மாதம் கோலாலம்பூரிலிருந்து மூவர் குழு வந்து நேரில் பார்க்கும். அவர்களுக்குத் திருப்தி என்றால், வரிசையில் காத்திருந்த ஒன்பது குடும்பங்களுக்கும் இயந்திரம் போகும். இல்லையென்றால் போகாது.

அந்த ஒரே வீடு மாரியப்பன் அண்ணனுடையது.

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சிறுநீரகம் கெட்டதும் வேலையை விட்டுவிட்டு நான்கு வருடமாக நிலையத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார். ஊசி குத்துவதைப் பற்றியோ களைப்பைப் பற்றியோ அவர் ஒருநாளும் குறைப்பட்டதில்லை. அவருடைய குறையெல்லாம் தொலைக்காட்சியைப் பற்றியது. பக்கத்து நாற்காலியில் ஒரு சீனத் தௌக்கே, கடை முதலாளி. நிலையம் திறக்கும்போதே வந்து ரிமோட்டைக் கைப்பற்றிவிடுவாராம். நான்கு வருடத்தில் அண்ணன் எத்தனையோ ஹாங்காங் தொடர்களை முழுதாகப் பார்த்து முடித்திருந்தார். எந்த மாமியார் எந்த மருமகளுக்கு விஷம் வைத்தாள் என்பது வரை மனப்பாடம். “வீட்டுக்கு மெஷின் வந்தா நாம நம்ம படம் பாக்கலாம்ல சார்” என்றுதான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவரிடம் ஒரு பழக்கம். கை ஆடாமல் வாய் திறக்காது. கிரேனைப் பற்றிச் சொன்னால் இரண்டு கையும் மேலே போகும், கொள்கலனைத் தூக்கும், காற்றில் திருப்பும், மெல்ல இறக்கி வைக்கும். ரசம் நன்றாக இருந்தது என்று சொல்வதற்குக்கூட ஒரு கை வேண்டும். ஊசி குத்தியிருப்பதோ இடது கையில். அந்தக் கை ஆடினால் குழாய் மடங்கும். குழாய் மடங்கினால் நம் இயந்திரம் அலாரம் அடிக்கும். ஆக, அண்ணன் ஒரு கதை சொன்னால் இயந்திரம் நான்கு முறை கத்தும்.

இங்கே மிஸ்ஸியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் தாதியை அப்படித்தானே கூப்பிடுவோம். அரசாங்க மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்ற அம்மா அவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் பூசை முடிந்து சேலையோடு நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்து, நாங்கள் செய்ததையெல்லாம் தப்பு என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த வேலைக்குத்தான் சம்பளம் கொடுத்தோம். அவர் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். உங்கள் கையேட்டில் என் பெயர் வந்தால் என் சொந்தக்காரர்கள் இலவசமாக மெஷின் கேட்பார்கள் என்பது அவர் கூறிய காரணம்.

மிஸ்ஸியிடம் ஒரு நீல அட்டைப் புத்தகம் இருந்தது. அண்ணன் வீட்டில் எப்போது அலாரம் அடித்தாலும், லெட்சுமி அண்ணி மிஸ்ஸிக்கு போன் செய்ய வேண்டும். லெட்சுமி அண்ணி, மாரியப்பன் அண்ணனின் மனைவி. மிஸ்ஸி என்ன ஏது என்று கேட்டு, செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டு, புத்தகத்தில் எழுதிக்கொள்வார். குழு வரும்போது அந்தப் புத்தகத்தைத்தான் பார்க்கும்.

நான்காம் மாத முடிவில் புத்தகத்தைப் புரட்டினேன். பக்கம் பக்கமாக அலாரம். முக்கால்வாசிக்கு எதிரே மிஸ்ஸியின் குண்டு குண்டான கையெழுத்தில் ‘கையை ஆட்டினார்’ என்று இருந்தது.  குழு இதைப் பார்த்தால் நம் இயந்திரம் ஓயாமல் கத்தும் இயந்திரம் என்று நினைத்துவிடும் என்று பயந்தேன்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய், இனிமேல் சின்ன அலாரத்துக்கெல்லாம் மிஸ்ஸியைத் தொந்தரவு செய்ய வேண்டாம், பாவம் அவருக்கு வயதாகிறது, என்னையே கூப்பிடுங்கள் என்றேன். மிஸ்ஸிக்கு வயது என்னைவிட இரண்டு குறைவு.

அண்ணி உருகிப்போய்விட்டார். கம்பெனி முதலாளியே நேரடியாக போன் எடுக்கிறாராம். அக்கம்பக்கத்திலெல்லாம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் சிரிப்புதான். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் போன் வரும். கெட்டி மேளத்துக்கு நடுவே, “அண்ணி, குழாய் மடங்கியிருக்கா பாருங்க” என்று கத்துவேன். பாலத்தில் கார்கள் நகராமல் நிற்கும்போது வரும். பல் மருத்துவர் என் வாய்க்குள் கருவியை வைத்திருக்கும்போது வந்தது. அப்போதும் எடுத்தேன். ஆனால் மிஸ்ஸியின் நீலப் புத்தகம் மட்டும் சுத்தமாக இருந்தது. அந்த மாதத்துக்கு ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. ஒருநாள் அதைப் புரட்டிக்கொண்டே மிஸ்ஸி கேட்டார்.

“அண்ணன் ஊமையாயிட்டாரா?”

பழகிவிட்டார், முன்பு மாதிரி ஆட்டுவதில்லை என்றேன். மிஸ்ஸி புத்தகத்தை மூடி வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாதபோது பயப்பட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

குழு வருவது ஒரு வியாழக்கிழமை என்று முடிவாயிற்று. சிறுநீரக மருத்துவர் ஒரு மலாய் அம்மா, ஒரு சீனப் பொறியாளர், கோப்பு தூக்கும் அதிகாரி ஒருவர். முதல் நாள் நான் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பாடம் நடத்தினேன். நாளைக்கு மரியாதையாக உடுத்திக்கொள்ளுங்கள். அவர்கள் இருக்கும்போது கையை ஆட்டாதீர்கள். கையை ஆட்டாமல் உங்களுக்குப் பேச வராது, அதனால் பேசவே வேண்டாம். கேட்டால் ஆமாம் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். அண்ணன் பள்ளிப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார். தலையை ஆட்டுவதால் குழாய் மடங்காது என்பதால் அதை அனுமதித்தேன்.

வியாழன் காலையில் இயந்திரத்தை மாட்டுவதற்கு மிஸ்ஸி இருந்திருக்க வேண்டும். நான்தான் அவரை வேறு வேலைக்கு அனுப்பினேன். குழுவினருக்கு அந்தக் குடியிருப்புத் தாமானுக்குள் வழி தெரியாது, நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் இடத்தில் பெட்ரோல் போடும் எண்ணெய் நிலையத்தில் காத்திருந்து கூட்டி வாருங்கள் என்றேன். கைப்பேசியில் வழிகாட்டி இல்லாத மனிதர் இந்தக் காலத்தில் யார் என்று அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது வரவேற்பறை பெண் பார்க்க வருகிறார்கள் என்பது போல இருந்தது. அண்ணி பட்டுச்சேலையில் இருந்தார். உளுந்து வடை, கறிபாப், கேசரி எல்லாம் அடுக்கியாகிவிட்டது. இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பின்னல் விரிப்புப் போர்த்தி, அதன் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிவப்பு விளக்கைச் சுற்றி மல்லிகைச் சரத்தை நாலு சுற்று சுற்றியிருந்தார். அலாரம் அடிக்கும்போது மின்ன வேண்டிய விளக்கு அது. பூவை எடுக்கச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். பொறியாளனாக நான் தோற்ற முதல் இடம் அது. அன்றைக்கு இன்னும் இடங்கள் இருந்தன.

அண்ணன் அறையிலிருந்து வெளியே வந்தார். மரியாதையாக உடுத்தச் சொன்னேன் அல்லவா. பாத்திக் சட்டை, தடித்த ஜீன்ஸ், துறைமுகத்தில் பிரிவு உபசாரத்தில் கொடுத்த இரும்புக் கொக்கி வைத்த இடுப்புவார், அதில் ஒரு சாவிக் கொத்து, இரண்டு பையிலும் இரண்டு கைப்பேசி, வலது மணிக்கட்டில் ஐம்பொன் காப்பு.

டயாலிசிஸ் தொடங்கும் முன் எடை பார்க்க வேண்டும். சேர்ந்திருக்கும் நீர் எவ்வளவு என்பதை எடையை வைத்துத்தான் கணக்கிட்டு, அந்த அளவு நீரை இயந்திரம் உடம்பிலிருந்து எடுக்கும். இது உங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கப்படும் விஷயம். எடை பார்க்கும் கருவிக்கு மேலே சுவரில் மிஸ்ஸி ஒரு தாள் ஒட்டியிருந்தார். ‘கைலியோடு மட்டும்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. அந்தத் தாளுக்கு நேர் கீழே நின்றுகொண்டு, சாவிக் கொத்தோடும் இரும்புக் கொக்கியோடும் அண்ணனின் எடையை நான் குறித்தேன். மறுபடி கைலி கட்டச் சொன்னால் பத்து நிமிடம் போகும், குழு பத்து மணிக்கு வருகிறது. ஒன்பதரைக்கு இயந்திரத்தை ஓட விட்டேன். அலாரத்தின் சத்தத்தை ஆகக் குறைவாக வைத்தேன். எண்கள் ஓடும் திரையை மாற்றி, கம்பெனிச் சின்னமும் நீல அலையும் மட்டும் தெரியும் பக்கத்தை வைத்தேன். பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது.

பத்து மணிக்கு மிஸ்ஸி போன் செய்தார்.

“இன்னும் தங்காக் ஊரையே தாண்டல. அந்த ஆபீசர் மகளுக்குக் கல்யாணமாம். துணிக்கடையில எறங்கிட்டாங்க.”

சரி, வரட்டும் என்றேன்.

“அண்ணன் வெயிட்டு எவ்வளவு?”

சொன்னேன்.

“கூட இருக்கே. கைலியோடதான பாத்தீங்க?”

“ஆமா” என்றேன். கூடவே, நேற்று எங்காவது விருந்துக்குப் போய் ஏதாவது குடித்திருப்பார் என்றும் சேர்த்துச் சொன்னேன். ஊசி குத்தியபடி என் எதிரே உட்கார்ந்து, நான் சொன்னபடி கையை ஆட்டாமல், வாயைத் திறக்காமல், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த மனிதர் மேல் பழியைப் போட்டேன். அவரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

குழு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டேகால். அதற்குள் இயந்திரம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரமாக, சாவிக் கொத்தின் எடைக்கும் சேர்த்து அண்ணனின் உடம்பிலிருந்து நீரை எடுத்துக்கொண்டிருந்தது.

அண்ணி யாரையும் நிற்க விடவில்லை. தட்டுகளைக் கையில் திணித்தார். அதிகாரி இரண்டாவது வடைக்குப் போய்விட்டார். மூன்று பைகளில் துணி வாங்கிய களைப்பு அவருக்கு. நான் நின்றுகொண்டு பேசத் தொடங்கினேன். எவ்வளவு சிறிய இயந்திரம், எவ்வளவு அமைதியான இயந்திரம், சத்தமே கேட்காது என்றேன். அந்த நேரத்தில் அது சத்தமில்லாமல் அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று கண்டுபிடித்து, நீர் எடுப்பதைத் தானாகவே நிறுத்திவிட்டு, மல்லிகைக்குள் சிவப்பு விளக்கை மின்னவிட்டு, யாராவது வாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. வாயைப் பொத்தியவன் நான்.

அண்ணன் ஆடாமல் அசையாமல் இருந்தார். எவ்வளவு ஒழுங்காக இருக்கிறார் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

காரை நிறுத்திவிட்டு மிஸ்ஸி கடைசியாக உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே அண்ணனைப் பார்த்தார்.

“இவரு ஏன் பேசல?”

“நான்தான் பேச வேணாம்னு சொன்னேன்” என்றேன்.

மிஸ்ஸி இரண்டு எட்டில் நாற்காலியை அடைந்து, அதைப் பின்னால் சாய்த்து, அண்ணனின் காலை உயர்த்தினார். அண்ணனின் சட்டை முழுக்க வேர்வை. முகம் சாம்பல் நிறம். வாயோரத்தில் மட்டும் அந்தச் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. மிஸ்ஸி ஒரு கையால் மல்லிகைச் சரத்தைப் பிய்த்து எறிந்தார். சிவப்பு விளக்கு எல்லார் முகத்திலும் அடித்தது.

“அந்த உப்புத் தண்ணி கிளிப்பத் தொறங்க” என்றார் என்னிடம்.

இறங்கிய ரத்த அழுத்தத்தை ஏற்றும் உப்புநீர்க் குழாயின் கிளிப் அது, என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை வடிவமைத்தவனே நான்தான். கண்ணை மூடிக்கொண்டு திறப்பேன். ஆனால் அந்த நேரத்தில் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? அதிகாரியின் முகத்தை. அவர் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஸ்ஸி இரண்டாம் முறை சொன்னார். முதல் முறை சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை, பிறகு அவர் சொல்லித்தான் தெரியும். அதற்குள் மலாய் டாக்டர் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, வடையெண்ணெய் ஒட்டிய விரலோடு எட்டி அந்தக் கிளிப்பைத் திறந்துவிட்டார்.

உங்களுக்குப் பாடம் என்று ஒன்று வேண்டுமானால் இந்த இடத்தில் இருக்கிறது. நெருக்கடி வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யாராவது கேட்பார்கள். நேர்முகத் தேர்வில் கேட்கவும் கேட்டிருப்பார்கள். என்ன செய்வீர்கள் என்பது அப்புறம். முதலில் யாரைப் பார்ப்பீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் தப்பான ஆளைப் பார்த்தேன்.

சில நிமிடத்தில் அண்ணனுக்கு முகத்தில் நிறம் திரும்பியது. கண்ணைத் திறந்தவர் என்னைத் தேடினார். கண்டதும் சொன்னார்.

“நான் ஆட்டவே இல்ல, பாத்தீங்களா சார்.”

டாக்டர் அவர் பக்கத்தில் முழங்காலிட்டு, தலை சுற்றியபோது ஏன் சொல்லவில்லை என்று மலாயில் கேட்டார். அண்ணன் மலாயில் ஆரம்பித்துப் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டார். இஞ்சினியர் சார் பாஸாக வேண்டும், அதற்காக ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாதா என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். டாக்டர் மெதுவாக எழுந்து என்னிடம் திரும்பினார். இப்படி அடிக்கடி நடக்குமா, அலாரங்கள் எவ்வளவு வரும் என்று கேட்டார்.

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீலப் புத்தகத்தை நீட்டினேன். இதில் இருப்பதுதான், கடந்த மாதம் மிகவும் குறைந்துவிட்டது என்றேன். மிஸ்ஸி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

என்னைக் காட்டிக்கொடுத்தது அவரில்லை. லெட்சுமி அண்ணிதான். அதுவும் என்னைக் காப்பாற்றுவதற்காக. அரைகுறை மலாயில், இல்லை டாக்டர், இந்தத் தம்பியை ஒன்றும் சொல்லாதீர்கள், அவர் மாதிரி கவனிக்கிறவர்கள் கிடையாது என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் ஓடி, மளிகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தார். நான் போன் எடுத்த ஒவ்வொரு தடவையையும் அண்ணி அதில் எழுதி வைத்திருந்தார். நன்றிக்காக எழுதியது. எல்லாம் தமிழில்.

டாக்டர் காலண்டரை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். மொழிபெயர்த்துச் சொல்லுங்கள் என்றார்.

ஜன்னலைப் பார்த்து நின்ற மிஸ்ஸி இப்போது என் பக்கம் திரும்பினார்.

படித்தேன். செவ்வாய், அலாரம் மூன்று முறை, தம்பி கல்யாண வீட்டில் இருந்தும் உடனே எடுத்தார். வியாழன், அலாரம் இரண்டு முறை, தம்பி பாலத்தில் மாட்டிக்கொண்டிருந்தார், பாவம். சனி, அலாரம் நான்கு முறை, தம்பி பல் டாக்டரிடம், கத்தரிக்காய் வாங்க வேண்டும். கத்தரிக்காயையும் விடாமல் மொழிபெயர்த்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நேர்மையான வேலை அது. அதையும் மிஸ்ஸி பார்த்துக்கொண்டிருந்ததால்தான் செய்தேன். அவர் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் காலண்டர் முழுக்கக் கத்தரிக்காயாகவே இருந்திருக்கும்.

படித்து முடித்தேன். அதிகாரி தன் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் காலண்டரைப் படமெடுத்துக்கொண்டார். இத்தனை அலாரமும் அந்த நீலப் புத்தகத்தில் இருந்திருந்தால் நாங்கள் ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டோம், கையை ஆட்டிப் பேசும் மனிதருக்கு ஏற்றபடி குழாயை மாற்றுங்கள் என்று எழுதிவிட்டு அனுமதி கொடுத்திருப்போம் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. குழாயை மாற்றுவதை விட்டுவிட்டு மனிதரைக் கட்டிப்போட்டிருக்கிறீர்களே என்று மட்டும் கேட்டார்.

அனுமதி எட்டு மாதம் தள்ளிப்போனது. இயந்திரத்தைக் கழற்றிக் கொண்டுவந்தோம். அண்ணன் மறுபடி நிலையத்துக்கே போனார். காத்திருந்த ஒன்பது பேரில் ஒருவர் மகனோடு சிரம்பானுக்குக் குடிபோய்விட்டார். ஒருவர் இறந்துவிட்டார். இயந்திரம் போயிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மிஸ்ஸி வேலையை விட்டுப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நீலப் புத்தகத்தில் ‘கையை ஆட்டினார்’ என்று இருந்த பக்கங்களை என் முன்னால் விரித்துவைத்து, “இதெல்லாம் நான் குறை சொல்லி எழுதினேன்னு நெனச்சீங்களா? உங்களுக்கு வேலை குடுத்தேன் சார்” என்றார். அதற்குப் பிறகு அந்த விஷயத்தை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அண்ணனைப் போய்ப் பார்க்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பை ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். சிறுநீரக நோயாளிகள் தொடவே கூடாத பழங்களில் முதல் வரிசையில் இருப்பவை அவை. டயாலிசிஸ் இயந்திரம் செய்யும் கம்பெனியின் முதலாளி அவற்றைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்து, வாசலில் இருந்த தாதி பையைப் பிடுங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

அண்ணன் ஊசியோடு சாய்ந்திருந்தார். தொலைக்காட்சியில் ஒரு மருமகள் அழுதுகொண்டிருந்தாள். நான் போய் நின்று, மன்னித்துவிடுங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். மிஸ்ஸிக்கு போன் செய்ய வேண்டாம் என்றது, உடுப்போடு எடை பார்த்தது, சத்தத்தைக் குறைத்தது, விருந்தில் குடித்திருப்பார் என்று சொன்னது, அதிகாரியின் முகத்தைப் பார்த்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எனக்குத் தெரிஞ்சுச்சு சார். காதுல வண்டு சத்தம் மாதிரி வந்துச்சு. கண்ணு இருட்டுச்சு. சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். அந்த ஒம்பது வீடு ஞாபகம் வந்துருச்சு. நான் கெடுத்துட்டா அவங்களுக்கும் கெடைக்காதுல்ல. கொஞ்சம் பொறுத்துக்கலாம்னு மூடிக்கிட்டேன்.”

 வலியைச் சொல்வதற்காகத்தான் நோயாளிக்கு வாய் இருக்கிறது. அதையே அவர் எனக்காக விட்டுக்கொடுக்கும்படி செய்திருக்கிறேன். அதையும் அவரிடம் கேட்டு வாங்கவில்லை. மரியாதை என்ற பெயரில் பறித்துக்கொண்டேன். உங்களிடம் ஒரு நோயாளி மிகவும் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டால், தயவுசெய்து பயப்படுங்கள்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க ஒரு தடவையாச்சும் நாலு மணி நேரம் கைய ஆட்டாம உக்காந்து பாத்திருக்கீங்களா?”

இல்லை என்றேன்.

“உக்காருங்க லா. எனக்கு முடிய இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. பாதி உக்காந்தா போதும்.”

அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்து இடது கையை அதன் கைப்பிடிமேல் நீட்டி வைத்தேன். தௌக்கேகூட ஹாங்காங்கை விட்டு என்னைப் பார்க்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் இருந்தேன். பிறகு, அண்ணனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, அடுத்த இயந்திரத்தில் குழாயை எப்படி மாற்றப்போகிறோம் என்பதைச் சொல்ல ஆரம்பித்தேன். இங்கே ஒரு சுழலும் மூட்டு வரும் அண்ணே, கை எந்தப் பக்கம் திரும்பினாலும் அது இப்படித் திரும்பிக்கொள்ளும் என்று சொல்லி, ‘இப்படி’ என்பதை இடது கையால் காற்றில் வரைந்து காட்டினேன்.

அண்ணன் வாயாலேயே அலாரம் அடித்தார். நம் இயந்திரத்தின் அலாரம், அதே சுருதி, நிலையம் முழுக்கக் கேட்கும்படி. நான்கு வரிசைக்கு அப்பால் இருந்த தாதி கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். யாருக்கு என்று கேட்டார். அண்ணன் தாடையால் என்னைக் காட்டினார். மூச்சிரைக்க அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

“என்னாச்சு சார்?”

“கைய ஆட்டிட்டேன் மிஸ்ஸி” என்றேன்.